முதலாம் பக்கம், முதற் பாட்டு

நெத்தலி முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். தவமலர் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் நெத்தலிக் குவியல், அந்தப் பக்கம் தண்ணீர்ச் சட்டி, நடுவில் அவளுடைய இரண்டு விரல். தலையைக் கிள்ளுகிறாள், குடல் அதோடேயே வந்துவிடுகிறது, உடம்பு சட்டிக்குள் போகிறது. மீனைப் பார்க்கவே மாட்டாள். கண் பல்கனிக் கம்பிகளுக்கு அப்பால் எங்கேயோ இருக்கும். நான் எதிரே இருந்து பேப்பர் வாசிக்கிறேன். அப்படி அவள் நினைக்கட்டும். மரண அறிவித்தல் பக்கத்தை விட்டு இன்னும் நகரவில்லை. என் வயதுக்காரனுக்கு விளையாட்டுச் செய்தி அதுதான், இன்றைக்கு யார் அவுட் என்று. குவியல் பெரிதாகத்தான் இருக்கிறது. வெள்ளவத்தை மீன்காரன் அவளுக்கு எப்போதும் ஒரு கை கூடப் போடுவான், இன்றைக்கு அந்த ஒரு கை எனக்காகப் போட்டது என்று வைத்துக்கொள்கிறேன். மத்தியானம் ஆரூரனிடம் இருந்து போன் வரும். லண்டனில் அவனுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். நல்ல பிள்ளை, அங்கேயே பிறந்தவன், நான் கடைசியாக மேடை ஏறிப் பாடிய காலத்தில் அவனுடைய தாய்க்கே கலியாணம் ஆகவில்லை. அவன் எங்கெங்கோ தேடி என் பழைய பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு இசைத்தட்டாகப் போடுகிறான். சீ.டி. இல்லை, ஊசி வைத்துக் கேட்கிற அதே கறுப்புத் தட்டு. இப்போது பிள்ளைகள் அதைத்தான் தேடி வாங்குகிறார்களாம். குலாவின் பன்னிரண்டு என்று பெயர். பக்கத்துக்கு ஆறு. என் முழுப் பெயர் குலவீரசிங்கம். அந்தக் காலத்து அறிவிப்பாளர் ஒருவருக்கு அது வாயில் அடங்கவில்லை, குலா ஆகிவிட்டேன். ஆரூரன் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறான். அட்டைக்கு எந்தப் படம், எழுத்துக்கு எந்த நிறம், ஒரு பாட்டு முடிந்து மற்றப் பாட்டு தொடங்க எத்தனை விநாடி சும்மா விடுவது, அதுகூட உங்கள் விருப்பம் அங்கிள் என்கிறான். நேற்றுக் கேட்டது மட்டும் கேள்வி இல்லை, முடிவு. முதலாம் பக்கம், முதற் பாட்டு. "'போறான் போறான்' தானே அங்கிள்? அது இல்லாட்டி இந்தத் தட்டை ஆர் வாங்கப் போயினம்?" யோசித்துச் சொல்கிறேன் தம்பி, நாளைக்குப் போன் எடு என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்திராது. அந்தப் பாட்டு இந்த வீட்டில் கேட்பதில்லை. தவம் கேட்க மாட்டாள். றேடியோவில் அதன் முதல் அடி கேட்டவுடனே எழும்பிப் போய் நிற்பாட்டிவிடுவாள், கோபமாகக்கூட இல்லை, சூடான இஸ்திரிப் பெட்டியை நிற்பாட்டுகிற மாதிரி. அவளிடம் கேட்காமல் நான் ஓம் என்று சொல்ல முடியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

அந்தப் பாட்டில் அழுவதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் வேடிக்கை. பல்லுக்கொழுக்கட்டைப் பாட்டு அது. பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் எங்கள் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகளை அதன்மேல் கொட்டுவார்கள், ஒவ்வொன்றிலும் சின்னத் தேங்காய்த் துண்டுகளைப் பல்லு மாதிரிக் குத்தியிருக்கும். பிறகு ஒரு தட்டத்தை முன்னுக்கு வைப்பார்கள். பேனா, புத்தகம், சங்கிலி, கத்தரிக்கோல். பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அவனுக்குத் தொழில். எங்கள் மகன் தீபனுக்குப் பல்லு வந்தபோது நாங்கள் கொழும்பில் ஒரு அனெக்ஸில் இருந்தோம், ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, வாசலில் ஒரே ஒரு படி. பகலில் எனக்குக் கந்தோரில் கிளாக்கர் வேலை, சனி ஞாயிறில் கிற்றார். தலைமயிர் தோளில் கிடந்தது, காற்சட்டை தரையைக் கூட்டியது. தவத்தின் அண்ணா யாரிடமோ இரந்து ஒரு ஸ்டெதஸ்கோப் கொண்டுவந்து தட்டத்துக்குள் போட்டார். தங்கைச்சியின் பிள்ளை டொக்டர் ஆகாமல் விடமாட்டார் போல இருந்தது. நானும் குறைந்தவனா, ஒருவருக்கும் தெரியாமல் கம்பி மீட்டுகிற என்னுடைய கிற்றார்ப் பிக்கைப் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிவிட்டேன். தீபன் தட்டத்தைப் பார்த்தான். எங்கள் எல்லாரையும் பார்த்தான். தலையில் ஒரு கொழுக்கட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒன்றையும் தொடாமல் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் நிலத்தில் ஊன்றி, திறந்திருந்த வாசலைப் பார்த்துத் தவழத் தொடங்கினான். படியில் வெயில் கிடந்தது, அதுதான் அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். அண்ணா ஸ்டெதஸ்கோப்பை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார், அவன் சுற்றிக்கொண்டு போனான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது. தவம்தான் ஓடிப்போய் நிலையடியில் அவனுடைய ஒரு காலைப் பிடித்தாள். பிடித்தவுடன் அவனும் சிரித்தான், அந்த ஒரு பல்லைக் காட்டி. அன்று பின்னேரமே பாட்டு வந்துவிட்டது. நான் தேடவில்லை, தானாக வந்தது. பேனா எடுத்தால் கிளாக்கர் வேலை, பொன்னை எடுத்தால் கடை முதலாளி, புத்தகம் எடுத்தால் வாத்தியார், எங்கடை ராசா ஒண்டும் எடுக்கேல்லை, போறான் போறான், வாசலைப் பாத்துப் போறான். பைலா அடி, ஆட்டத்துக்கென்றே இருக்கிற தாளம். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மற்றக் கையால் மேசையில் தட்டித் தாளம் போட்டவள் இவள்தான். இந்த இரண்டு விரல்தான்.

ரயில் போகிறது. கடற்கரை ரயில் போகும்போது சட்டித் தண்ணீர் கொஞ்சம் நடுங்கும், அவள் கை நிற்காது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உப்புக் காற்றுக் கிற்றார்க் கம்பிகளைத் தின்றுவிடுகிறது என்று நான் புறுபுறுத்தேன். வாசிக்கிற கை இருந்தால் ஏன் துருப்பிடிக்கிறது என்று அவள் கேட்டாள். நியாயம்தான். குவியலில் பாதி போய்விட்டது. இப்போது கேட்கலாம். தவம், உம்மட்டை ஒண்டு கேக்கோணும். இவ்வளவுதான் வசனம். வாயைத் திறக்கிறேன். "பருப்பும் வைக்கிறீரோ?" என்று கேட்கிறேன். வைக்கத்தானே வேணும் என்கிறாள். பேப்பரை மறுபக்கம் திருப்புகிறேன், அதுவும் மரண அறிவித்தல்தான். இன்றைக்கு நாட்டில் நல்ல ஆட்டம். மற்றப் பதினொரு பாட்டும் பரவாயில்லை, என் பாட்டுகள்தானே, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் எனக்குத் தெரியும். கண்டக்டர் பாட்டைக் கேட்டால் அந்தக் காலத்து பஸ் ஞாபகம் வரும், பாண் வாங்கக் கியூவில் நின்ற பாட்டைக் கேட்டால் அந்தக் காலத்துப் பஞ்சம் ஞாபகம் வரும். பாட்டு ஞாபகம் வராது. இது அப்படி இல்லை. இருந்ததிலேயே நல்ல பாட்டு இதுதான். காணிவேல் மேடையில் தொடங்கினால் பொலிஸ்காரன்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவான். போறான் போறான் என்று வருகிற இடத்தில் சனம் முழுக்கக் கையை நீட்டி வாசலைக் காட்டும், வாசல் இல்லாத மைதானத்திலும் காட்டும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வன்ஸ்மோர், வன்ஸ்மோர். கந்தோரில் யார் ஓய்வு பெற்றாலும் அதுதான், கப்பலேறி யார் வெளிநாடு போனாலும் அதுதான், கலியாணம் முடிந்து பொம்பிளை காரில் ஏறினால் போறாள் போறாள் என்று மாற்றிப் பாடினார்கள். தீபன் வளர்ந்து பள்ளிக்கூடம் போனான். அதற்குள் நான் வேலையில் மாற்றம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கே வந்திருந்தேன். அங்கேயும் அவனை விடவில்லை. வகுப்பில் ஒன்றுக்குப் போக எழும்பினால் போதும், பின் வரிசை வாங்குக்காரர் தொடங்கிவிடுவார்களாம். வந்து சொல்லிச் சிணுங்குவான். சிணுங்கிக்கொண்டே சிரிப்பான். மீசை அரும்பின பிறகு, அப்பா என்ரை பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்து பாடிப்போடாதேங்கோ என்று கேட்டுக்கொண்டான். பாடவில்லை. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினேன்.

போட்டு வாறன் அம்மா என்றுதான் தீபன் அன்றைக்குச் சொன்னான். அது எனக்குக் காதில் விழுந்தது. எங்கள் வீடுகளில் போறன் என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் படி இறங்க மாட்டார்கள், சொன்னால் திருப்பிக் கூப்பிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள். அவனும் சரியாகத்தான் சொன்னான், போட்டு வாறன் என்று, நல்ல பிள்ளையாக. தவம் உள்ளே கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள், எண்ணெய்ச் சத்தத்துக்குள் இருந்து கெதியா வா என்றாள். நான் முன் அறையில் கிற்றாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பி கையில், ஒரு கம்பி பல்லுக்கிடையில். ம் என்றேன். பல்லில் கம்பி இருக்கிறவன் வேறு என்ன சொல்வான். நிமிர்ந்து பார்த்திருந்தால் என்ன உடுப்பு என்று தெரிந்திருக்கும். பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள், என்ன நிறச் சேட்டு, என்ன செருப்பு. தவம் என்னைப் பார்த்தாள், நான் தவத்தைப் பார்த்தேன். சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை நாள் மல்லுக்கட்டினோம். தூரம் போகிறவன் சைக்கிளை எடுத்திருப்பான், ஆகவே சந்திக்குத்தான் போயிருக்கிறான், சந்தியில் யாரோ பிடித்துவிட்டார்கள். இல்லை, திரும்பி வராதவன்தான் சைக்கிளை வீட்டுக்கென்று விட்டுவிட்டுப் போவான், ஆகவே தெரிந்துதான் போனான். காலையில் ஒன்று சரி என்று படும், பின்னேரம் மற்றது. போனவனா, கொண்டுபோகப்பட்டவனா. சண்டை நடந்த அந்த வருஷங்களில் பிள்ளையைத் தொலைத்த எல்லா வீட்டிலும் இந்தக் கதைதான், நாங்கள் ஒன்றும் விசேஷம் இல்லை. விசேஷம் என்னவென்றால் எங்களுக்குப் பாட்டு இருந்தது. ஊர் முழுக்கப் பாடின பாட்டு. எங்கடை ராசா ஒண்டும் எடுக்கேல்லை. அவன் ஒன்றும் எடுக்காமல்தான் போனான், பை எடுக்கவில்லை, அடையாள அட்டை எடுக்கவில்லை, சைக்கிள் எடுக்கவில்லை. இதை நான் வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கும், அவன் போன முதல் கிழமைக்குள்ளேயே தெரிந்திருக்கும். நான் கிற்றாரைச் சுவரில் கொழுவிவிட்டுப் பிறகு தொடவில்லை. ஒரு கம்பி மாட்டாமலே கிடந்தது.

ஒரு முறை மட்டும் சொன்னாள். நாங்கள் கொழும்புக்குத் திரும்பி வந்த பிறகு, யாரோ சொந்தக்காரர் கலியாணம், பெரிய மண்டபம், பாண்ட் வைத்திருந்தார்கள். குலா மாஸ்டர் வந்திருக்கிறார் என்று மைக்கில் சொல்லிவிட்டான் ஒரு பொடியன். கையைப் பிடித்து இழுத்தார்கள். வேறு பாட்டு, வேறு பாட்டு என்று நான் சொல்கிறேன், அதற்குள் அவர்கள் அடியைத் தொடங்கிவிட்டார்கள், பழைய அடி, ஆடாத காலையும் ஆட வைக்கிற அடி. நான் பாடவில்லை. மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன், நான் என்னவோ அவர்களைப் பாட வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரத்துப் பாடினார்கள். போறான் போறான். எல்லாரும் கையை நீட்டி மண்டப வாசலைக் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத் தவம் எழும்பி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நூறு கை அவளைப் பார்த்து நீள்கிறது, அவளுக்குத் தெரியாது, நான் மேலே நின்று பார்த்தேன். முடிந்து போய்த் தேடினால், வெளியே செருப்புகள் கழற்றிவிட்ட இடத்தில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். ஆட்டோவில் ஏறினோம். தெஹிவளைப் பாலம் தாண்டினபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் அறம் பாடிப்போட்டியள்." அவ்வளவுதான். அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அறம் பாடுவது என்றால் புலவன் செய்கிற வேலை. கெட்ட எழுத்தைப் பொறுக்கி எடுத்து, வேண்டாத இடத்தில் வைத்துப் பாடினால், பாட்டுடைத் தலைவன் பிழைக்க மாட்டான், ஊரே எரியும் என்பார்கள். நான் புலவனா? கந்தோர்க் கிளாக்கர். சனிக்கிழமைப் பாட்டுக்காரன். என் பாட்டுக்கு அவ்வளவு பலம் இருந்திருந்தால் பாண் பாட்டுக்குப் பாண் விலை இறங்கியிருக்க வேண்டாமா, கண்டக்டர் பாட்டுக்கு ஒரு கண்டக்டராவது மிச்சக் காசு தந்திருக்க வேண்டாமா. இப்படித்தான் மனதுக்குள் அவளோடு வாதாடுகிறேன். பல் துலக்கும்போது வாதாடுகிறேன், ரயில் போகும்போது வாதாடுகிறேன். சரியான சொல்லைச் சொல்லிவிட்டுப் போனவன் அவன், போட்டு வாறன் என்று. அந்தச் சொல்லுக்குப் பலம் இருந்திருந்தால் வந்திருப்பானே. நல்ல சொல்லுக்கு இல்லாத பலம் என் கெட்ட சொல்லுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அருமையான வாதம். ஒவ்வொரு முறையும் நான்தான் வெல்கிறேன். வென்றுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

குவியல் கைப்பிடியளவு ஆகிவிட்டது. என்ன செய்யலாம். அந்தப் பாட்டு வேண்டாம் தம்பி என்று சொல்லிவிடலாம். பதினொன்று போதும், குலாவின் பதினொன்று, கிரிக்கெட் அணி மாதிரி. யாரும் வாங்க மாட்டார்கள், தட்டே வெளிவராது, நானும் ஒருநாள் இந்தப் பக்கத்தில் ஒரு கட்டம், இன்னாரின் அன்புக் கணவர், காலமானார், அதோடு சரி. ஆசை இருக்கிறதே. இந்த வயதிலும் வெட்கமில்லாமல் ஆசை இருக்கிறது, எங்கேயோ குளிர் நாட்டில் எனக்குத் தெரியாத ஒரு பிள்ளை ஊசியை வைத்து, இது ஆர் பாடினது என்று கேட்க வேண்டும் என்று. அல்லது அவளிடம் சொல்லாமல் ஓம் என்று சொல்லிவிடலாம். இந்த வீட்டில் தட்டுச் சுழற்றுகிற பெட்டி கிடையாது, அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியும். கனடாவில் இருந்து அவளுடைய தங்கைச்சி போன் எடுத்து, அக்கா அத்தான்ரை பாட்டுக் கேட்டனாங்கள், முதலாவதாவே அது எண்டு சொல்லுவாள். தவம் ஒன்றும் சொல்ல மாட்டாள். சோறு போடுவாள், மருந்து எடுத்துத் தருவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அதைத் தாங்க என்னால் இயலாது. வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று நான் பயப்படுகிறேனா? இல்லை. வேண்டாம் என்றால் மனம் நோகும், ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவேன், பிறகு சரியாகிவிடும். போடுங்கோவன் என்று சொல்லிவிட்டால்? இனி என்ன இருக்கு, போடுங்கோவன் என்று, கையை விட்டுவிட்ட மாதிரி. அதுதான் பயம். இவ்வளவு வருஷமும் பகலில் வாசல் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறவள். நாலாம் மாடி, பூட்டிவையும் தவம், கள்ளர் வருவாங்கள் என்றால், கேட்காத மாதிரி இருக்கிறவள். தீபனின் படத்துக்கு மாலை போட விடாதவள். அவள் அந்தப் பாட்டைக் கேட்க மறுக்கிற வரைக்கும் ஏதோ ஒன்று இன்னும் முடியாமல் இருக்கிறது. அது முடிந்துவிட்டது என்று என்னுடைய தட்டுக்காக அவள் வாயால் சொல்ல வைக்கப் போகிறேனா? நாலு நெத்தலி. மூன்று. ஒன்றைக் கீழே போட்டுவிட்டாள், குனிந்து எடுக்கிறாள், முழங்கால் மடக்கென்கிறது. அவளுக்கு வயதாகிவிட்டது. எப்போது ஆனது என்று நான் பார்க்கவில்லை.

போன் அடிக்கிறது. மேசையில் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், முட்டாள், அது அதிர்ந்து அதிர்ந்து சட்டியில் முட்டுகிறது. எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஆரூரன்தானே, எடுங்கோவன்" என்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்கிறேன். நீங்கள் பல்கனியில் நின்று ரகசியம் கதைத்தால் கீழ் வீட்டுக்காரருக்கும் கேட்கும், உங்களுக்குக் காது போய்க் கனகாலம் என்கிறாள். நேற்றே தெரியும். நேற்றிலிருந்து தெரிந்துகொண்டுதான் காலையில் நெத்தலி வாங்கினாள், தெரிந்துகொண்டுதான் எதிரே வந்து இருந்தாள், நான் பருப்பைப் பற்றிக் கேட்டபோதும் தெரியும். போன் அடித்து அடித்து நின்றுவிட்டது. மீன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "அந்தப் பாட்டைப் போடச் சொல்லுங்கோ" என்கிறாள். நான் பயந்த சொல்தான், பயந்த மாதிரியே வந்துவிட்டது. வேண்டாம் தவம், அது இல்லாமலும் போடலாம் என்கிறேன், முதலாவதாகப் போடவேண்டுமாம், எனக்கு விருப்பமில்லை என்கிறேன், என்னென்னவோ சொல்கிறேன். அவள் பொறுத்திருந்தாள், நான் முடிக்கும் வரைக்கும். "முதலாவதா வேண்டாம். கடைசியாப் போடச் சொல்லுங்கோ" என்றாள். ஏன் என்று கேட்டேன். பேப்பரில் கிடந்த மீன் தலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "முதலிலை போட்டா, அவன் போனாப்பிறகு மிச்சப் பாட்டெல்லாம் இருந்து கேக்கோணும். இவ்வளவு காலமும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறம். கடைசியெண்டால், அதுவரைக்கும் அவன் வீட்டிலைதானே நிப்பான்."

போன் திரும்ப அடித்தது. அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள், குழாயைத் திறந்துவிட்டாள். எடுத்தேன். ஆரூரன் சந்தோஷமாகக் கத்தினான், என்ன அங்கிள், முடிவு சொல்லுங்கோ, இன்றைக்கு அனுப்பவேண்டும் என்று. இரண்டாம் பக்கம் தம்பி, கடைசிப் பாட்டு என்றேன். ஒரு ஹிட் பாட்டைக் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பார்களா அங்கிள், சனம் அதுவரைக்கும் இருக்காது என்றான். இருக்கும் என்றேன். சரி அங்கிள், உங்கள் விருப்பம், வேறு ஏதாவது மாற்றவேண்டுமா என்று கேட்டான். குழாய்ச் சத்தம் நிற்கவில்லை, அவள் நெத்தலியை இரண்டாம் தரம் அலசிக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்து மற்றப் பாட்டு தொடங்குவதற்கு நடுவில் சும்மா விடுகிற இடம் இருக்கிறதே தம்பி, அதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று கேட்டேன்.